ஓசை அடங்கிய பின் தொடங்கும் படங்கள்

போர்ப் படம் என்றதும் நினைவில் எழுவது குண்டுவெடிப்பும் புகையும்தான். வெடியோசை அன்றாடமாகிப்போன சிவகாசி வட்டாரத்தில் வாழ்பவர்களை அந்தக் காட்சிகள் பெரிதாக அதிரவைப்பதில்லை. ஓசை அடங்கிய பின் மனிதருக்கு என்ன நேர்கிறது என்று சொல்லும் படங்களே நம்மைத் தூங்கவிடாமல் செய்கின்றன. அத்தகைய ஐந்து படங்களை, அவற்றின் வரலாற்றுப் பின்னணியோடு இங்கே பரிந்துரைக்க விரும்புகிறேன்.

இரண்டாம் உலகப் போருக்கும் இந்தக் கரிசல் நிலத்துக்கும் நேரடி உறவு உண்டு. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் இங்கே ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. 1940-இல் வெடிபொருள் விதிகள் நடைமுறைக்கு வந்தன. போரினால் வெளிநாட்டுப் பட்டாசுகளின் வரவும் தடைப்பட்டது. அந்த இடைவெளியில்தான் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் சிவகாசியில் எழுந்தன. உலகம் எரிந்துகொண்டிருந்தபோது இந்த ஊருக்கு ஒரு பிழைப்பு கிடைத்தது என்பது வரலாற்றின் கசப்பான வேடிக்கை.

அதே போர் திரைத்துறையை நெருக்கியது. கச்சாப் பிலிம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்ததால், கதைப்படங்களின் நீளம் 11,000 அடிக்கு மிகக்கூடாது என்று அரசு வரம்பு கட்டியது. போர் முயற்சியை ஆதரிக்கும் படங்களையும் அது எதிர்பார்த்தது. கே. சுப்ரமணியத்தின் 'மானசம்ரட்சணம்', மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் இயக்கிய 'பர்மா ராணி' (1945) போன்றவை அவ்வாறு பிறந்தவை. 'பர்மா ராணி'யில் ஜப்பானியர் பிடியிலுள்ள பர்மாவில் சிக்கிக்கொண்ட இந்திய விமானிகளின் சாகசம் சொல்லப்படுகிறது. ஆவண மதிப்பு அவற்றுக்கு உண்டு. ஆனால் அக்காலத் தமிழர் கண்ட போர் அவற்றில் இல்லை.

அவர்கள் கண்ட போர், நடை. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் போக, மற்றவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் கால்நடையாக இந்தியா நோக்கி வந்தனர். பர்மாவைவிட்டு வெளியேறிய இந்தியர் சுமார் ஐந்து லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே மடிந்தவர்கள் பல்லாயிரம். வெள்ளையருக்கு வசதியான பாதையும் இந்தியருக்குக் கொடிய பாதையும் ஒதுக்கப்பட்டன என்ற புகார் அன்றே எழுந்தது.

அந்த நடையின் தழும்பைத் தாங்கிய படம் 'பராசக்தி'. 1952 தீபாவளிக்கு வெளியான இப்படத்தை நாம் மு. கருணாநிதியின் வசனத்துக்காகவும் சிவாஜி கணேசனின் அறிமுகத்துக்காகவும் கோயில் காட்சி கிளப்பிய சர்ச்சைக்காகவும் மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். கதையை மீண்டும் எண்ணிப் பாருங்கள். ரங்கூனில் வாழும் மூன்று சகோதரர்கள், மதுரையில் தங்கையின் திருமணம், கிடைத்ததோ ஒரே ஒரு கப்பல் சீட்டு. மூத்தவர் தப்பி வந்து திருச்சியில் நீதிபதியாகிறார். ஞானசேகரன் குண்டுவீச்சில் ஒரு காலை இழந்து பிச்சைக்காரனாகிறான். கணவனையும் தந்தையையும் இழந்த கல்யாணி இட்லிக் கடை வைத்துப் பிழைக்க முயல்கிறாள். கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய இப்படத்தின் நீதிமன்றக் காட்சியில் கூண்டில் நிற்பது, அகதியாக வந்தவர்களை வரவேற்கத் தெரியாத ஒரு சமூகம். 'பராசக்தி'யைப் போருக்குப் பிந்தைய படமாக ஒருமுறை பாருங்கள் என்பது என் முதல் பரிந்துரை.

ஞானசேகரனின் காலைப் பற்றி எண்ணும்போது வில்லியம் வைலரின் 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' (1946) நினைவுக்கு வருகிறது. போர் முடிந்து ஊர் திரும்பும் மூன்று அமெரிக்கர்களின் கதை அது. அவர்களுள் இரு கைகளையும் இழந்த மாலுமியாக நடித்த ஹரால்ட் ரஸ்ஸல் உண்மையிலேயே கைகளை இழந்தவர். இழந்தது போர்முனையில் அன்று. சொந்த நாட்டின் பயிற்சி முகாமில், பழுதான திரி ஒன்றினால் வெடிமருந்து வெடித்தபோது. அந்தச் செய்தியைச் சிவகாசிக்காரர் ஒருவர் வெறும் தகவலாகக் கடந்துவிட முடியாது.

மூன்றாவது படம் இலங்கையிலிருந்து வருகிறது. பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' (1997) ஒரு சிங்களக் கிராமத்தின் கதை. பார்வையற்ற முதியவரின் மகன் போரில் இறந்துவிட்டதாகச் சொல்லி, முத்திரையிட்ட சவப்பெட்டி ஒன்று வீடு வந்து சேர்கிறது. இழப்பீட்டுப் படிவத்தில் கையொப்பமிட அவர் மறுக்கிறார். கையொப்பமிட்டால் மகனின் சாவை ஒப்புக்கொண்டதாகிவிடும். கடைசியில் புதைத்த பெட்டியை அவரே தோண்டுகிறார். உள்ளே இருப்பவை வாழைத்தண்டும் கற்களும். 2000-இல் அரசு தடைசெய்த இப்படம், உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்பே அங்கே திரையேறியது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்து நாற்பது பேரளவில் பலிகொண்டது. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் நிவாரணத் தொகை அறிவிக்கப்படும் இம்மாவட்டத்தில், அந்த முதியவரின் மறுப்பு அந்நிய நாட்டுக் கதையாகத் தோன்றுவதில்லை.

அதே போரின் தமிழ் முகத்தைக் காட்டுபவை கடைசி இரண்டும். மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) இராமேசுவரம் அகதி முகாமில் பிறந்து சென்னையில் தத்தெடுக்கப்பட்ட சிறுமி, தாயைத் தேடிப் போவதைச் சொல்கிறது. ஜாக் ஓதியாரின் 'தீபன்' (2015) ஷோபாசக்தி நடித்து, கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்றது. முன்னாள் போராளி ஒருவரும் ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும், இறந்தவர்களின் கடவுச்சீட்டில் ஒரு குடும்பமாக வேடமிட்டு பிரான்சுக்குச் செல்கின்றனர். முதற்படத்தில் குழந்தைக்கு வீடு இருக்கிறது, தாய் இல்லை; இரண்டாவதில் தாய் என்று ஒருத்தி இருக்கிறாள், வீடுதான் இல்லை. 'தீபன்' தன் இறுதிப் பகுதியில் துப்பாக்கிச் சண்டைக்குத் திரும்புவது எனக்கு ஏமாற்றமே. அதற்கு முந்தைய பகுதிகளில், மொழி தெரியாத ஊரில் மூவரும் மெல்ல மெல்லக் குடும்பமாகப் பழகும் காட்சிகளுக்காக அதைப் பார்க்கலாம்.

இந்தக் கதைகளின் மாந்தர் நமக்குத் தொலைவில் இல்லை. குல்லூர்சந்தை, செவலூர், ஆனைக்குட்டம் என்று விருதுநகர் மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. 2021-இல் தமிழக அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து வளர்ந்தும் குடியுரிமையற்றவர்களாக இருந்துவரும் தலைமுறை அங்கே உண்டு. 'பராசக்தி' கூண்டில் நின்றபடி நம் சமூகத்திடம் கேட்ட கேள்வி இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் விடையின்றி நம் பக்கத்து ஊரிலேயே காத்திருக்கிறது. இப்படங்களைப் பார்த்து முடித்த பிறகு, அடுத்த தீபாவளியன்று அந்த முகாம்களைக் கடந்து செல்ல நேர்ந்தால், அங்கே கேட்கும் வெடியோசை சற்று வேறுவிதமாகவே நம் காதில் விழும்.