சிடிக்குத் திரும்பிய எம்பி3

ஒரே சிடியில் ஆடியோவாக எழுதினால் 16 பாட்டு, எம்பி3-ஆக எழுதினால் 150 பாட்டு. எப்படி? கொஞ்சம் பின்னால் போகலாம்.

1982-ல் சோனியும் பிலிப்ஸும் விற்பனைக்குக் கொண்டுவந்த சிடியில், ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொன்றையும் 16 பிட்டில் எழுதினார்கள். இரண்டு சேனலுக்கும் சேர்த்து விநாடிக்கு 14 லட்சம் பிட்! ஆனால் வாங்கிக் கேட்கலாம், நாமே எழுத முடியாது. 1988-ல் ஜப்பானின் தையோ யூடன் எழுதக்கூடிய சிடியை உருவாக்கியது. சாயப் பூச்சில் லேசரால் தடம் பதிப்பதைத்தான் 'பர்ன்' பண்ணுவது என்கிறோம்.

ஜெர்மனியில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் குழுவினரோ, காதுக்குப் பிடிபடாத ஒலிகளைக் கழித்து, கோப்பைப் பதினொன்றில் ஒரு பங்காக்கினார்கள். 1995-ல் அதற்கு எம்பி3 என்று பெயர் வந்தது.

இப்போது முக்கியமான விஷயம். எம்பி3-ஐ ஆடியோ சிடியாக எழுதும்போது மென்பொருள் அதைப் பழையபடி விரிக்கிறது. அளவுதான் 11 மடங்காகும், கழித்த ஒலி திரும்பாது. காமர்ஸ் பாஷையில், ரவுண்டு ஆஃப் செய்த பைசாவை லெட்ஜரில் தேடுகிற மாதிரி! அந்த சிடியிலிருந்து மறுபடி எம்பி3 எடுத்தால் இன்னும் கொஞ்சம் போகும்.

சாயமும் நாளாக மங்கும். வீட்டில் பழைய ஒரிஜினல் சிடி இருந்தால், எதையும் கழிக்காத ஃப்ளாக் வடிவில் இப்போதே எடுத்து வையுங்கள் நண்பர்களே.