மேஸ்திரி முதல் மேற்பார்வையாளர் வரை

ஊத்துக்குளி என்றால் வெண்ணெய் என்பார்கள் வெளியூரார். ஆயினும் நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றில் அடுப்பெரியச் செய்வது பனியன் தொழிலே. நன்றாகத் தைப்பவரை ஒருநாள் அழைத்து, "நாளை முதல் நீதான் சூப்பர்வைசர்" என்று சொல்லிவிடுகிறார்கள். தைக்கத் தெரிந்தவருக்குத் தைக்கச் சொல்லித் தரவும், பத்துப் பேரை அனுசரித்து வேலை வாங்கவும் தானாகவே தெரிந்துவிடுமா? இக்கேள்விக்கு நெடிய வரலாறு உண்டு.

கோவையில் 1888-ல் ஸ்டேன்ஸ் மில் எழுந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் பஞ்சாலைகள் பெருகின. அன்று ஆலைக்குள் மேஸ்திரி வைத்ததே சட்டம். ஆள் சேர்ப்பதும், வேலை பிரிப்பதும், ஆளை நிறுத்துவதும் அவரே. பம்பாயில் அவருக்கு 'ஜாபர்' என்று பெயர். விட்லி தலைமையிலான அரச தொழிலாளர் ஆணைக்குழு தனது 1931-ஆம் ஆண்டு அறிக்கையில், வேலை பெறத் தொழிலாளர் கையூட்டுத் தர நேர்ந்த அவலத்தை எடுத்துரைத்தது. ஆள் சேர்க்கும் பொறுப்பைத் தொழிலாளர் அலுவலரிடம் ஒப்படைக்கப் பரிந்துரைத்தது.

அதிகாரத்தைக் குறைத்தால் போதுமா? அறிவையும் ஊட்ட வேண்டாமா? அதற்கு வழிகாட்டியது இரண்டாம் உலகப் போர்க்காலம். அனுபவமற்ற புதியவர்கள் தொழிற்சாலைகளில் குவிந்தபோது, 1940-ல் அமெரிக்காவில் 'தொழிலகத்துள் பயிற்சி' என்ற திட்டம் பிறந்தது. வேலையைக் கற்பித்தல், வேலை முறையைத் திருத்துதல், தொழிலாளரிடம் பழகுதல் என மூன்று பாடங்கள். ஒவ்வொன்றும் பத்து மணி நேரமே. கற்பித்தலுக்கு நான்கு படிகள்: கற்பவரின் அச்சத்தைப் போக்கு, செய்து காட்டு, அவரையே செய்யச் சொல், பின்னும் கவனித்து வா. கற்பவருக்கு வரவில்லையெனில் குறை கற்பித்தவரிடமே என்பது அதன் அடிப்படை. 1945-க்குள் 17 லட்சத்திற்கும் மேற்பட்டோர் இப்பயிற்சி பெற்றனர்.

1950-களில் பன்னாட்டுத் தொழில் நிறுவன வல்லுநர்கள் வாயிலாக இம்முறை இந்தியா வந்து, அகமதாபாத் ஆலைகளில் கால் பதித்தது. 1956-ல் கோவையில் தோன்றிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமும், 1971-ல் பெங்களூரில் ஜெர்மானிய உதவியோடு அமைந்த ஃபோர்மேன் பயிற்சி நிலையமும் மேற்பார்வையாளர்களைப் பயிற்றுவித்தன.

திருப்பூர்ப் பகுதியின் கதை சற்று வேறு. இங்கே கைமடிக்கும் சிறுவனாக நுழைந்தவர் டெய்லராகி, காண்ட்ராக்டராகி, சொந்தப் பட்டறை வைத்ததும் உண்டு. கண் பார்த்துக் கை செய்யும் இப்பள்ளிக்கூடத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தொழிலோடு சேர்த்துத் திட்டுவதையும் அதட்டுவதையும் அங்கேயே கற்றுக்கொண்டவர்கள் எத்தனை பேர்!

இன்னொரு குறையும் உண்டு. மெஷினில் அமர்ந்திருப்போரில் பெண்கள் மிகப் பலர். மேற்பார்ப்போரோ பெரும்பாலும் ஆண்கள். வங்காளதேச ஆடைத் தொழிலிலும் இதே நிலைதான். அங்கே தொழிலாளரில் ஐவருக்கு நால்வர் பெண்களாயிருக்க, மேற்பார்வையாளரில் இருபதுக்கு ஒருவரே பெண் என 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறிற்று. கைத்திறன் குறைவா காரணம்? இல்லை; வாய்ப்பும் பயிற்சியும் தரப்படாமையே என்போம்.

ஆகவே, பங்கு மக்களே, நம் பிள்ளைகளுக்கு உயர்வு வரும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, பயிற்சி உண்டா என்றும் கேட்போம். பட்டறை நடத்துவோர், பொறுப்பைக் கொடுக்குமுன் பத்து மணி நேரமாவது ஒதுக்குவார்களாக. திறமையுள்ள நம் சகோதரிகளையும் அவ்வரிசையில் அமர்த்துவார்களாக!