குஞ்சோட வந்த சாவு

எங்க ஜெயங்கொண்டத்துல கடல் கிடையாது. ஆனா தென்கிழக்கால போனா நாகப்பட்டினம். 1990களோட தொடக்கத்துல அந்தப் பக்கம் பல வயல்கள் இறால் குட்டையா மாறிட்டிருந்துச்சு. 1994ல இந்தியாவுக்குள்ள நுழைஞ்சது வெள்ளைப் புள்ளி நோய். ஓட்டுல வெள்ளைப் பொட்டு தெரிஞ்சா பத்து நாளைக்குள்ள குட்டையே காலி. மருந்து இன்னைக்கும் கிடையாது.

தண்ணியைக் குறை சொன்னாங்க. அதுவும் நிஜம்தான். ஆனா என்னைக் கேட்டா பெரிய ஓட்டை குஞ்சுப் பொரிப்பகத்துல. டைகர் இறாலுக்கு அப்போ பண்ணையில வளர்த்த தாய் கிடையாது; கடல்ல புடிச்ச சினை இறாலைத்தான் வாங்கணும். பார்க்க நல்லாத்தான் இருக்கும், உள்ள வைரஸ். ஒரு தாய் லட்சக்கணக்குல முட்டை போடும் (வைரஸ் புகுந்த ஒரே ஃப்ளாப்பியை ஆபீஸ் முழுக்க சுத்த விட்ட மாதிரி!). குஞ்சு துள்ளிக்கிட்டே லாரி ஏறும். சாவறது விவசாயி குட்டையில.

சால்மனுக்கும் இதே கதிதான். 1950கள்ல அமெரிக்கப் பொரிப்பகங்கள்ல குஞ்சுங்க கொத்துக் கொத்தா செத்துச்சு. பெரிய சால்மனோட கழிவைப் பச்சையா அரைச்சு தீனியாப் போட்டதுல வைரஸ் பரவியிருந்துச்சு.

இங்க பிசிஆர் சோதனை வந்து தாயைச் சோதிக்க ஆரம்பிச்சாங்க. 2009லதான் நோயில்லாத வன்னாமி தாய் இறாலை இறக்குமதி பண்ண அனுமதி. சென்னை நீலாங்கரையில தனியா வெச்சுப் பார்த்துட்டுத்தான் பொரிப்பகத்துக்கு விடறாங்க. பதினஞ்சு வருஷம்! அதுக்குள்ள எத்தனை வீட்டு நகை அடகுக்குப் போச்சோ.