குப்பைக் கூடைக்குப் போகாத அளவீடுகள்

தனி ஊசல் சோதனை செய்யாத அறிவியல் மாணவர் நம் ஊரில் இருக்க மாட்டார். நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் குறித்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். விடை 9.8 என்பது ஆய்வகத்துக்குள் நுழையும் முன்பே எல்லோருக்கும் தெரியும். கையில் வருவதோ 9.3. என்ன செய்வோம்? விடையிலிருந்து பின்னோக்கி நடந்து, நேரத்தை அங்கங்கே திருத்தி, ரெக்கார்டு நோட்டில் 9.79 என்று அழகாக எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுவோம். 9.3 குப்பைக் கூடைக்குப் போய்விடும்.

மாணவர் ஆய்வைப் பற்றிப் பேச அந்தக் குப்பைக் கூடையே நல்ல இடம். இயற்கை அறிவியல், மருத்துவம், மனிதத் தொடர்பாடல் ஆகிய மூன்று துறைகளிலும் மாணவப் பருவத்தில் நிகழ்ந்த பெரும் கண்டுபிடிப்புகள் சிலவற்றை எடுத்துப் பார்த்தால், அவை பொருந்தாத ஒன்றைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தவர்களுக்கே கிடைத்திருக்கின்றன.

கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட மாணவியாக இருந்த ஜோசலின் பெல், தம் ஆய்வு வழிகாட்டி ஆண்டனி ஹியூயிஷ் வடிவமைத்த வானொலித் தொலைநோக்கியைச் சக மாணவர்களோடு சேர்ந்து கட்டினார். நாலரை ஏக்கர் நிலத்தில் கம்பங்கள் நட்டுக் கம்பி இழுக்கும் வேலை அது. 1967இல் கருவி இயங்கத் தொடங்கியதும், நாளொன்றுக்கு ஏறத்தாழ முப்பது மீட்டர் வரைபடக் காகிதம் வெளிவந்தது. அத்தனையையும் அவர் கண்ணாலேயே படித்தார். வானத்தை ஒருமுறை முழுதாகத் துழாவ 120 மீட்டர் காகிதம் ஆகும். அதில் மிகச் சிறியதாக ஒரு கிறுக்கல். தேடிவந்த குவாசர் என்ற தொலைதூர விண்பொருள் போலவும் இல்லை. பூமியிலிருந்து வரும் இடையூறு போலவும் இல்லை. இதே கிறுக்கலை வானத்தின் இதே பகுதியில் முன்பும் பார்த்தோமே என்று அவருக்கு நினைவு வந்தது. காகிதம் வேகமாக ஓடும் பதிவுக் கருவியை இணைத்துக் காத்திருந்தார். நவம்பர் 28 அன்று 1.3 நொடிக்கு ஒருமுறை தவறாத துடிப்பு பதிவாயிற்று. மனிதர் செய்த கருவி எதிலிருந்தாவது வருவதாக இருக்கும் என்றே ஹியூயிஷ் முதலில் எண்ணினார். வானத்தின் வேறொரு மூலையில் அதே போன்ற இரண்டாவது துடிப்பையும் பெல் கண்டபோது ஐயம் தீர்ந்தது. சுழலும் நியூட்ரான் விண்மீன்களான துடிவிண்மீன்கள் மனிதருக்கு அறிமுகமானது இப்படித்தான். 1974இல் நோபல் பரிசு ஹியூயிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போயிற்று. பெல்லின் பெயர் அதில் இல்லை. 2018இல் தமக்குக் கிடைத்த முப்பது லட்சம் டாலர் பரிசுத் தொகை முழுவதையும், வாய்ப்புக் குறைந்த பின்னணியிலிருந்து இயற்பியல் ஆய்வுக்கு வரும் மாணவர்களுக்காகக் கொடுத்துவிட்டார்.

நமக்கு அருகிலும் சான்று உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சி. வி. ராமன், நிறமாலைமானியில் முப்பட்டகத்தை வைத்து அளந்தபோது விளிம்பு விளைவுப் பட்டைகள் இருபுறமும் சமமாக இல்லாததைக் கண்டார். பாடத்துக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் விடாமல் ஆராய்ந்து எழுதினார். 1906 நவம்பரில் லண்டனின் பிலசாபிக்கல் மேகசின் அதை வெளியிட்டபோது அவருக்கு வயது பதினெட்டு.

மருத்துவத்தில் இந்தக் கதை இரண்டு தலைமுறை நீள்கிறது. 1869இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற இருபத்தொரு வயது மாணவர் கணையத்தின் நுண்ணமைப்பைப் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். செரிமான நீர் சுரக்கும் செல்களுக்கு நடுவே, அவற்றோடு சேராத சிறுசிறு செல் கூட்டங்கள் தீவுகள் போலக் கிடந்தன. எதற்காக இருக்கின்றன? அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே ஆய்வேட்டிலும் எழுதினார். இருபது ஆண்டு கழித்து, கணையம் அகற்றப்பட்ட நாய்க்கு நீரிழிவு வருவதை மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் கண்டனர். 1893இல் லாகெஸ் அந்தச் செல் கூட்டங்களுக்கு லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று பெயரிட்டார். 1921 கோடையில் டொராண்டோவில், அத்திட்டுகளின் சுரப்பைப் பிரித்தெடுக்க முனைந்த மருத்துவர் ஃபிரெடரிக் பான்டிங்குக்குப் பேராசிரியர் மெக்லியாட் ஆய்வகமும் உதவிக்கு மாணவரும் தந்தார். இரண்டு மாணவரில் யார் முதலில் போவது என்று நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். விழுந்தது அப்போதுதான் பட்டம் முடித்திருந்த சார்லஸ் பெஸ்டுக்கு. அவர்களோடு சேர்ந்த வேதியியலாளர் காலிப் தூய்மைப்படுத்திய அந்தச் சுரப்பின், அதாவது இன்சுலினின், சாறு 1922 ஜனவரியில் பதினான்கு வயது லெனர்ட் தாம்சனின் உடலில் ஏறி அவன் உயிரைக் காத்தது. அடுத்த ஆண்டு நோபல் பரிசு பான்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் கிடைத்தது. பான்டிங் தம் பங்குப் பணத்தில் பாதியை மாணவர் பெஸ்டுக்குக் கொடுத்தார். மெக்லியாட் தம் பங்கில் பாதியைக் காலிப்புக்குக் கொடுத்தார். இன்று நம் தெருவுக்குத் தெரு மருந்துக் கடைக் குளிர்பெட்டியில் இருக்கும் இன்சுலினுக்குப் பின்னால், ஒரு மாணவர் ஒளிக்காமல் எழுதிய ‘தெரியவில்லை’ இருக்கிறது.

மூன்றாவது, தொடர்பாடல். பாரிஸில் பார்வையற்றோர் பள்ளியில் படித்த லூயி பிரெய்ல், மூன்று வயதில் தந்தையின் சேணப் பட்டறையில் கண்ணில் அடிபட்டுப் பார்வை இழந்தவர். அக்காலத்தில் சாதாரண எழுத்துகளையே புடைப்பாக அச்சிட்டு விரலால் தடவிப் படிக்கச் சொன்னார்கள். படிப்பது மெதுவாக நகர்ந்தது. எழுதவோ வழியே இல்லை. சார்லஸ் பார்பியே என்பவர் ஒலிகளைக் குறிக்கும் பன்னிரு புள்ளி முறையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். புள்ளிகள் நல்ல யோசனைதான். ஆனால் பன்னிரண்டு புள்ளியும் ஒரு விரல்நுனிக்குள் அடங்கவில்லை. கண் உள்ளவர்களுக்குத் தென்படாத இந்தக் குறை, படிக்கும் மாணவனின் விரலுக்குத் தெரிந்தது. 1824இல், பதினைந்து வயதில், அவர் அதை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். ஆறு புள்ளிகளில் 63 வடிவங்கள். எழுத்தும் எண்ணும் இசைக்குறிப்பும் அவற்றுக்குள் அடங்கின. அவர் படித்துப் பின்னர் ஆசிரியராகவும் இருந்த பள்ளியே அம்முறையை முறைப்படி ஏற்றது 1854இல். அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1951இல் இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்ல் வகுக்கப்பட்டபோது தமிழும் அந்த ஆறு புள்ளிகளில் ஏறிக்கொண்டது.

இவர்கள் அனைவரும் மேதைகள், நம் பிள்ளைகளோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். இவர்கள் செய்த வேலையைப் பாருங்கள்: காகிதம் படித்தது, திசுவை வெட்டிப் பார்த்தது, விரலால் தடவியது. எல்லாம் மாணவருக்கு விடப்படும் வேலைகள். கருவியும் இடமும் தலைப்பும் மூத்தவர்கள் தந்தவை. மாணவர் தந்தது கவனமும், எதிர்பாராததை எழுதிவைக்கும் துணிவும். அத்துணிவுக்கு மதிப்பெண் குறைக்காமல் இருப்பது ஆசிரியரின் பங்கு. ஆய்வேட்டை பைண்டிங் செய்து கொடுத்தால் போதும், முடிவு எல்லோருக்கும் ஒன்றாகவே வரவேண்டும் என்று நினைக்கும் துறையில் கிறுக்கல்கள் பிழைப்பதில்லை.

இனி அந்த 9.3க்கு வருவோம். ஊசலின் நீளம் என்பது நூலின் நீளம் மட்டுமன்று. கொக்கியையும் குண்டின் ஆரத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். 40 சென்டிமீட்டர் ஊசலில் அந்த 2 சென்டிமீட்டரை விட்டுவிட்டால் 9.8 தானாகவே 9.3 ஆகிவிடும். ஆக, நாம் எறிந்த எண்ணில் நம் பிழை எது, எவ்வளவு என்ற கணக்கு அப்படியே இருந்தது. திருத்தி எழுதிய 9.79இல் அது இல்லை. அடுத்த முறை மாணவர் 9.3 என்று எழுதிக்கொண்டு வந்தால், கையொப்பம் இடும் முன் ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “எங்கிருந்து எதுவரைக்கும் அளந்தாய்?”