பாலாற்றில் துணி வெளுத்த காலம்



வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. வீட்டுத் துணியை வெளுப்பதற்கும் வரலாறு உண்டு என்றால் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், ஓர் ஆற்றின் நலிவு அரசு ஏடுகளில் ஏறுவதற்கு முன்பே துணி துவைக்கும் கல்லில் தெரிந்துவிட்டதைக் கண்கூடாகக் கண்டவன் நான். அதனையே இன்று சொல்ல விரும்புகின்றேன்.

நான் பிறந்தது ஆம்பூரை அடுத்த ஒரு சிற்றூர். அன்று அது வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தில் அடங்குகின்றது. என் தந்தையார் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் கூலி வேலை பார்த்தார். 1960களின் பிற்பகுதியில், ஞாயிறுதோறும் அன்னையாரும் தமக்கையும் நானும் துணி மூட்டையுடன் பாலாற்றுக்குச் செல்வோம்.

பாலாறு கருநாடகத்தில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடிப் பக்கமாகத் தமிழ்நாட்டில் நுழைந்து வங்கக் கடலை அடைகின்றது. ஆண்டின் பெரும்பகுதியில் அது மணலுக்கடியில் ஓடும் ஆறு. ஒரு முழம் தோண்டினால் ஊற்று சுரக்கும். முதலில் வரும் கலங்கலை இருமுறை இறைத்துவிட்டால், பின்னர்ப் பளிங்குபோலத் தெளிந்த நீர் ஊறும். தோண்டுவது என் வேலை.

ஊற்றின் அருகில் எவரும் துவைப்பதில்லை. குடத்தில் மொண்டு, எட்ட இருக்கும் கல்லுக்குக் கொண்டுபோய்த்தான் துவைப்பார்கள். தந்தையாரின் வேலைத் துணியை அன்னையார் இன்னும் தொலைவில், தனியாக, இறுதியில் துவைப்பார். ஒருநாள் சோம்பலால் நான் அதனை ஊற்றின் கரையிலேயே அலசிவிட்டேன். அன்னையார் அடிக்கவில்லை. “நாளைக்கு இதே ஊற்றில் ஒருவர் குடிக்க மொள்ளுவார்” என்று மட்டும் சொல்லி, அந்தக் குழியைத் தூர்த்து, வேறிடத்தில் புதிதாகத் தோண்டச் செய்தார்.

அன்றாடத் துணிக்குச் சவுக்காரக் கட்டி; பட்டுக்குப் பூந்திக்கொட்டை; வேட்டிக்கு வடிகஞ்சியும் நீலமும். பெருந்துணிகளோ வெள்ளாவிக்குப் போகும். சலவைத் தொழிலாளர் அவற்றை உவர்மண் கரைத்த நீரில் தோய்த்துப் பிழிந்து, கொதிக்கும் பானையின் வாய்மேல் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைப்பர். விடியலில் கல்லில் அடித்து மணலில் உலர்த்துவர். உவர்மண்ணில் சோடியம் கார்பனேட் உண்டு. அஃது எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும்; எஞ்சிய கறையை வெயில் வெளுக்கும். இவ்வறிவு மிகத் தொன்மையானது. உவர்நிலத்தில் தோண்டிய கிணற்று நீரால் நாள்தோறும் ஆடை வெளுக்கும் பெண்ணொருத்தியைப் புறநானூற்றின் 311ஆம் பாடல் குறிப்பிடுகின்றது. இத்தகைய அறிவுடையோரை எங்கள் ஊர் வாசலுக்கு வெளியே நிற்கவைத்துச் சோறு இட்டது. வயதில் மூத்த அவர்களைச் சிறுவனாகிய நானும் ஒருமையில் அழைத்தேன். இன்று நினைத்து நாணுகின்றேன்.

பின்னர் மாற்றம் வந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலத்திலும் கழிவு இருந்தது. 1970களில் நடுவணரசு பதனிடாத தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவித்தது. தொழில் பெருகியது, குரோமிய உப்புகள் மிகுதியாகப் புழங்கலாயின. தோல் அழுகாமற் காக்கும் உப்பும் கழிவோடு கலந்து, ஆற்று மணலிலும் கிணறுகளிலும் இறங்கியது.

அதனை எங்கள் வீட்டில் முதலில் அறிந்தவர் அன்னையார். “சவுக்காரம் நுரைக்கவில்லை, கட்டி மட்டும் கரைகிறது” என்றார். கடைக்காரர் போலிச் சரக்குக் கொடுத்துவிட்டார் என்றே எண்ணினோம். வேறு கட்டி வாங்கினோம், அதுவும் நுரைக்கவில்லை. வெள்ளை வேட்டி பழுப்பேறியது. சில ஆண்டுகளில் வெள்ளாவி அடுப்பும் அணைந்தது. அக்குடும்பத்தார் ஊரைவிட்டே போயினர்.

1980களில் ஆசிரியப் பயிற்சி முடித்து நான் பணியேற்றேன். கடின நீர் பற்றிய பாடத்தின்போது, ஒரு புட்டியில் மழைநீரும் மற்றொன்றில் கிணற்று நீரும் எடுத்து, சிறிது சவுக்காரம் இட்டுக் குலுக்கிக் காட்டினேன். மழைநீர் பொங்கி நுரைத்தது. கிணற்று நீரில் திரிதிரியாகப் படிவு மிதந்தது. கால்சியம், மக்னீசியம் உப்புகள் சவுக்காரத்தோடு சேர்ந்து கரையாப் பொருளாகின்றன என விளக்கினேன். கறியுப்பு மிகுந்த நீரிலும் நுரை குன்றும் என்றேன். ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, என் தந்தையார் வேலை செய்யும் இடத்து நீர்தானே இது?” என்றான். தோல் தந்த கூலியில் படித்தவன் நான். உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை.

விடையை நீதிமன்றம் சொல்லிற்று. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகின்றது என்றும், தோல் தொழிற்பகுதியில் 35,000 ஹெக்டேர் அளவுக்கு விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்றும் அவ்வழக்கின் தீர்ப்பு பதிவு செய்துள்ளது. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் வந்த அத்தீர்ப்பு, கேடு வருமுன் தடுத்தல் வேண்டும், மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்தல் வேண்டும் என்னும் இரு கொள்கைகளை நம் நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டியது. ஆயினும் ஆறு மீளவில்லை. 2025 சனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. இழப்பீடு தருமாறும், ஆற்றைச் சீர்செய்வதற்குக் குழு அமைக்குமாறும் பணித்தது.

தொழில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லும் உரிமையும் எனக்கில்லை. ஊற்றின் அருகில் அழுக்குத் துணியை அலசாதே என்று எழுத்தறியாத என் அன்னையார் கற்பித்ததற்கும் உச்ச நீதிமன்றம் உரைத்த முதற்கொள்கைக்கும் வேற்றுமை இல்லை. அன்னையார் ஒரு குழியைத் தூர்த்து வேறொன்று தோண்டச் செய்தார். ஆறு முழுவதும் கெட்டபின் வேறெங்கே தோண்டுவது?

நீங்களும் உங்கள் ஊர் நீரை இரு புட்டிச் சோதனையால் ஆராயுங்கள். எந்த ஆண்டு முதல் நுரை குன்றியது என்று பாட்டிமாரைக் கேட்டு, நாளும் இடமும் குறித்து எழுதி வையுங்கள். அவர்கள் சொல்லாவிடில், அந்த வரலாற்றை எந்த ஏட்டிலும் நீங்கள் காணப்போவதில்லை.