தொழிலக நில மீள்மேம்பாடு

தொழிலக நில மீள்மேம்பாடு என்பது மூடப்பட்ட ஆலை, தொழிற்சாலை, பட்டறை, கிடங்கு முதலியவை இருந்த நிலத்தைத் தூய்மைப்படுத்திக் குடியிருப்பு, கடைகள், பூங்கா போன்ற வேறு பயன்பாட்டிற்குக் கொண்டுவருதல் ஆகும். இவற்றுள் வீடுகள் கட்டுவதே மிகுந்த கவனம் வேண்டுவது. ஆலையில் மனிதர் சில மணி நேரமே இருப்பர். வீட்டிலோ குழந்தைகள் மண்ணில் விளையாடுவர், கிணற்று நீர் குடிக்கப்படும், தோட்டத்தில் காய்கறி விளையும். எனவே ஆலைக்குப் போதுமானதாக இருந்த நிலம் வீட்டிற்கும் போதுமானது எனக் கொள்ள இயலாது.

== பயன்கள் ==

* சாலை, மின்சாரம் முதலிய வசதிகள் பெரும்பாலும் முன்னரே இருக்கும்.
* வீடுகளுக்காக விளைநிலங்களும் ஏரிப்புறம்போக்குகளும் அழிக்கப்படுவது குறையும்.
* பாழடைந்த கட்டடங்களாலும் கைவிடப்பட்ட கழிவுகளாலும் ஏற்படும் இடர் நீங்கும்.

== நிலம் மாசடையும் விதம் ==

மாசின் தன்மை முன்பு நடைபெற்ற தொழிலைப் பொறுத்தது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் குரோமியமும் உப்பும், சாயப்பட்டறைகளில் சாய வேதிப்பொருட்களும், எரிபொருள் கிடங்குகளில் நிலத்தடித் தொட்டிகளிலிருந்து கசிந்த எண்ணெயும், மின்கல உருக்காலைகளில் ஈயமும் மண்ணில் தங்கியிருக்கலாம். பழைய கல்நார் கூரைத் தகடுகளை உடைக்கும்போது நுரையீரலைப் பாதிக்கும் இழைகள் காற்றில் பரவும். அரிசி ஆலை போன்றவற்றில் மாசு ஒப்பீட்டளவில் குறைவு.

மண்ணில் உள்ள மாசு அதே இடத்தில் நிற்பதில்லை. மழைநீருடன் கீழிறங்கி நிலத்தடி நீரை அடைந்து, நீரோட்டத்தின் திசையில் அடுத்த ஊரின் கிணறுகளுக்கும் செல்லக்கூடும்.

== செயல்முறை ==

# நில வரலாற்று ஆய்வு: பழைய வரைபடங்கள், உரிமங்கள், பத்திரங்கள், முன்னாள் தொழிலாளர்களின் நினைவு ஆகியவற்றைக் கொண்டு எந்த இடத்தில் எப்பொருள் கையாளப்பட்டது என அறிதல்.
# மண், நீர் ஆய்வு: பல இடங்களில், பல ஆழங்களில் மாதிரி எடுத்துச் சோதித்தல். மேல்மண்ணை மட்டும் சோதிப்பது போதாது.
# இடர் மதிப்பீடு: மாசு, அது பரவும் வழி, பாதிக்கப்படுவோர் ஆகிய மூன்றையும் இணைத்து நோக்குதல். இம்மூன்றில் ஒன்றை நீக்கினாலும் இடர் குறையும்.
# தூய்மைப்படுத்தல்: மாசடைந்த மண்ணை அகழ்ந்து பாதுகாப்பான நிலநிரப்பிடத்திற்கு அனுப்புதல், நீர் புகாத அடுக்கால் மூடுதல், நுண்ணுயிரிகளைக் கொண்டு சிதைத்தல், வேதிமுறையில் மாற்றுதல், நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரித்தல் என்பன வழிமுறைகள். நச்சுத்தன்மை மிக்க ஆறிணைதிறக் குரோமியத்தை நச்சுக் குறைந்த மூவிணைதிற வடிவமாக மாற்றுவது வேதிமுறைக்கு எடுத்துக்காட்டு.
# சரிபார்ப்பும் கண்காணிப்பும்: பணி முடிந்தபின் மீண்டும் சோதித்து, பல ஆண்டுகள் கிணற்று நீரைக் கண்காணித்தல்.

== லவ் கால்வாய் நிகழ்வு ==

இத்துறையின் சட்டங்கள் உருவாக முதன்மைக் காரணமாக அமைந்தது அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நயாகரா அருவி நகரிலுள்ள லவ் கால்வாய்ப் பகுதியில் நேர்ந்த பேரிடர் ஆகும். 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் ஒரு வேதிப்பொருள் நிறுவனம் அங்கு ஏறத்தாழ 20,000 டன் கழிவைப் புதைத்தது. 1953 இல் அந்நிலம் 1 டாலருக்குப் பள்ளி வாரியத்திற்குக் கைமாறியது. அங்கு பள்ளியும் அருகில் வீடுகளும் எழுந்தன. 1970களில் வேதிப்பொருட்கள் வீடுகளின் அடித்தளங்களுக்குள் கசிந்தன. 1978 இல் அரசு நெருக்கடி நிலை அறிவித்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. இதன் விளைவாக 1980 இல் மாசுபடுத்தியவரே தூய்மைப்படுத்தும் செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியைக் கொண்ட கூட்டரசுச் சட்டம் இயற்றப்பட்டது.

== இந்தியாவில் ==

=== மும்பை ===

மும்பையின் நடுப்பகுதியில் 58 பஞ்சாலைகள் ஏறத்தாழ 600 ஏக்கர் நிலத்தில் அமைந்திருந்தன. 1982 இல் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்திற்குப் பின் பல ஆலைகள் நலிந்து மூடப்பட்டன. 1991 ஆம் ஆண்டின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58, ஆலை நிலத்தை விற்கும்போது மூன்றில் ஒரு பங்கை மாநகராட்சியின் திறந்தவெளிக்கும், மற்றொரு பங்கைப் பொது வீட்டுவசதிக்கும் அளிக்க வேண்டும் என்றது. 2001 இல் செய்யப்பட்ட திருத்தம் இப்பகிர்வைக் கட்டடங்கள் இல்லாத நிலத்திற்கு மட்டும் எனச் சுருக்கியது. இதனால் பொதுப் பயன்பாட்டிற்குக் கிடைக்க வேண்டிய நிலம் பெரிதும் குறைந்தது. இத்திருத்தத்திற்கு எதிராக மும்பை உயர்நீதிமன்றம் 2005 இல் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2006 இல் மாற்றியது. 2012 முதல் முன்னாள் தொழிலாளர்களுக்குக் குலுக்கல் முறையில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. எனினும் விண்ணப்பித்தோர் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர். வீடுகளோ அவற்றில் ஒரு சிறு பங்கே.

=== சென்னை ===

பெரம்பூர் வட்டாரத்தில் பக்கிங்காம் ஆலை 1876 இலும், கர்நாடிக் ஆலை 1881 இலும் நிறுவப்பட்டன. பின்னி ஆலை என மக்களால் அழைக்கப்பட்ட இவற்றின் தொழிலாளர்களைக் கொண்டே 1918 இல் பி. பி. வாடியா, திரு. வி. க. முதலியோரின் முயற்சியால் சென்னைத் தொழிற்சங்கம் உருவானது. ஆலை 1996 இல் மூடப்பட்டது. அதன் வெற்றிடம் சிறிது காலம் திரைப்படப் படப்பிடிப்புகளுக்குப் பயன்பட்டது. பின்னர் அந்நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன.

=== இராணிப்பேட்டை ===

தூய்மைப்படுத்தாமல் கைவிடப்படும் நிலத்திற்கு இராணிப்பேட்டை சான்றாகும். அங்கு 1990களில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்டுகள் மற்றும் வேதிப்பொருட்கள் நிறுவனத்தின் வளாகத்தில் 2 இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு குவிந்து கிடந்தது. அதிலிருந்து ஆறிணைதிறக் குரோமியம் கசிந்து நிலத்தடி நீரை மாசுபடுத்தியது. ஆலை நின்ற பின்னும் மாசு நிற்காது என்பதை இது காட்டுகிறது.

== சட்டங்கள் ==

* தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971: தொழிலகப் பயன்பாட்டு நிலத்தைக் குடியிருப்புப் பயன்பாட்டிற்கு மாற்ற இச்சட்டத்தின் கீழ் ஒப்புதல் பெற வேண்டும்.
* நொடிப்பு மற்றும் திவால் சட்டம், 2016: நிறுவனம் கலைக்கப்படும்போது, அதற்கு முந்தைய 24 மாதங்களுக்கான தொழிலாளர் நிலுவை, பிணையுள்ள கடனுக்கு இணையான முன்னுரிமை பெறும்.
* மனை வணிகச் சட்டம், 2016: குறிப்பிட்ட அளவிற்கு மேற்பட்ட வீட்டுத் திட்டங்கள் விற்பனைக்கு முன் பதிவு செய்யப்பட வேண்டும்.
* மாசடைந்த இடங்கள் மேலாண்மை விதிகள், 2025: ஐயத்திற்குரிய இடங்களை மாவட்ட நிருவாகம் கண்டறிந்து அறிவிக்கவும், அவற்றை ஆய்வு செய்து, மாசுபடுத்தியவரிடம் செலவைப் பெறவும் வழிசெய்கின்றன. நகராட்சிக் குப்பைமேடுகளும் சுரங்கப் பணிகளால் நேர்ந்த மாசும் பொதுவாக இவ்விதிகளுள் அடங்கா.

== சிற்றூர்களும் திருத்தணி வட்டாரமும் ==

பெருநகரில் நிலத்தின் விலை தூய்மைப்படுத்தும் செலவை ஈடுசெய்யும். சிற்றூரில் விலை குறைவு. செலவோ ஏறத்தாழ அதே அளவு. இதனால் நிலம் பல ஆண்டுகள் பாழாகக் கிடக்கும், அல்லது சோதனை ஏதுமின்றி மனைகளாகப் பிரித்து விற்கப்படும். பின்னதே மிகவும் இடரானது. சோதனைக்கான சிறு செலவைத் தவிர்த்ததன் சுமை, வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு மனை வாங்கியவரைச் சேர்கிறது.

முருகனின் ஆறுபடை வீடுகளுள் ஒன்றான திருத்தணி, சென்னையிலிருந்து இரேணிகுண்டா செல்லும் தொடர்வண்டிப் பாதையிலும் நெடுஞ்சாலையிலும் அமைந்துள்ளதால் மனை விற்பனைக்கு ஏற்ற ஊராகும். இவ்வட்டாரத்தில் நில வரலாற்று ஆய்வுக்குத் தனிச்சிறப்பான ஒரு தேவை உண்டு. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே அதற்கு முற்பட்ட நில ஆவணங்களைச் சித்தூர் மாவட்டப் பெயரிலும், தெலுங்கிலும் தேட நேரலாம். இங்குள்ள நந்தியாறு கொசத்தலை ஆற்றின் துணையாறாகும். கொசத்தலை ஆறு சென்னைக்குக் குடிநீர் வழங்கும் பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. எனவே இங்கு மண்ணில் விடப்படும் மாசு இவ்வூரோடு முடிவதில்லை. இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியில் தீங்கான தொழிற்கழிவுகளுக்கான நிலநிரப்பிடம் உள்ளது.

== விமர்சனங்கள் ==

ஆலை நிலங்கள் பலவும் தொழில் வளர்ச்சியின் பெயரால் குறைந்த விலையிலோ குத்தகையிலோ வழங்கப்பட்டவை. அவற்றை வீட்டுமனைகளாக விற்கும்போது கிடைக்கும் மிகை வருவாய் எவரைச் சேர வேண்டும் என்பது தொடர்ந்து எழுப்பப்படும் கேள்வியாகும். வேலை இழந்த தொழிலாளர்களின் நிலுவை தீர்க்கப்படாமல் நிலம் கைமாறுவதும், அங்கு எழும் வீடுகள் அவர்களால் வாங்க இயலாத விலையில் அமைவதும் முதன்மையான குறைகளாகச் சுட்டப்படுகின்றன. மாறாக, நிலத்தைப் பாழாக விடுவதால் தொழிலாளர்க்கும் ஊருக்கும் பயனில்லை எனவும், விற்றால்தான் நிலுவையைத் தீர்க்கப் பணம் கிடைக்கும் எனவும் மறுதரப்பினர் வாதிடுகின்றனர். மும்பையின் மூன்றில் ஒரு பங்கு முறை இவ்விரு நோக்கங்களையும் இணைக்க முயன்ற ஏற்பாடாகும். பகிர்வதற்கு உரிய நிலம் எது என்னும் வரையறை மாற்றப்பட்டதே அதன் பயனைக் குறைத்தது.