ஆந்தைகளை எண்ணியவர்கள்: தொண்டர் கணக்கெடுப்பு ஒன்றின் வரலாறு

ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழும் என்ற நம்பிக்கை எம்மவரிடையே இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை. சாக்குருவி என்ற பெயரே அதற்குச் சான்று. இந்த அச்சம் எமக்கு மட்டும் உரியதன்று. இடி, மின்னலைத் தடுக்கும் என்று நம்பி, கொன்ற கூகையைக் களஞ்சியக் கதவில் ஆணி அடித்துத் தொங்கவிட்ட காலம் இங்கிலாந்திலும் இருந்தது. அதே நாட்டில்தான் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சாதாரண மக்கள் ஆந்தைகளைத் தேடி, எண்ணி, எழுதி அனுப்பி வருகின்றனர். ஊதியம் ஏதுமற்ற இப்பணியின் வரலாறு, செய்தித் தொழிலில் நீண்ட காலம் கழித்த என் கவனத்தை ஈர்த்ததற்குக் காரணம் உண்டு. எதைச் சாட்சியமாக ஏற்பது என்ற கேள்வியே அதன் மையம்.

1928இல் மக்ஸ் நிக்கல்சன் என்ற இளைஞர், தொண்டர்களின் துணையுடன் இங்கிலாந்திலும் வேல்சிலும் நாரைக் கூடுகளைக் கணக்கெடுத்தார். 1932இல் ஜோர்ஜ் பிளேக்கர் என்பவர் கூகையை எடுத்துக்கொண்டார். பெருந்தொகையான மக்களிடமிருந்து தகவல் திரட்டி, அவ்விரு நாடுகளிலும் ஏறத்தாழ 12,000 சோடிக் கூகைகள் வாழ்வதாக அவர் மதிப்பிட்டார். அப்பறவை குறைந்து வருகின்றது என்ற எச்சரிக்கையும் அவரிடமிருந்து அப்போதே வந்தது.

அடுத்தது ஒரு வழக்கு விசாரணை போன்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சிற்றாந்தை, வேட்டைப் பறவைகளின் குஞ்சுகளைத் தின்று அழிக்கின்றது என்று வேட்டை நிலக் காவலர்கள் குற்றஞ்சாட்டி, கண்ட இடத்தில் கொன்றனர். அன்று புதிதாகத் தோன்றியிருந்த பிரித்தானியப் பறவையியல் அறக்கட்டளை 1936இல் இதை ஆராயும் பொறுப்பை ஆலிஸ் ஹிபர்ட்-வெயர் என்ற பெண்மணியிடம் ஒப்படைத்தது. செரிக்காத எலும்பு, மயிர், வண்டோடு ஆகியவற்றை ஆந்தை உருண்டையாகக் கக்கிவிடும். பல மாவட்டங்களிலிருந்தும் தொண்டர்கள் அனுப்பிய அவ்வுருண்டைகளை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். அவற்றில் கண்டவை பெரும்பாலும் வண்டுகளும் பிற பூச்சிகளுமே. வேட்டைப் பறவைக் குஞ்சுகளின் எச்சம் மிக அரிதாகவே இருந்தது. வதந்தியின் பேரில் தண்டிக்கப்பட்ட பறவைக்கு ஆதாரத்தின் பேரில் விடுதலை கிடைத்தது.

1968 முதல் 1972 வரை பிரித்தானியாவையும் அயர்லாந்தையும் பத்துக் கிலோமீற்றர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, இனப்பெருக்கம் செய்யும் பறவைகளின் வரைபடத்தை உருவாக்கினர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இதில் பங்குகொண்டனர். நூல் 1976இல் வெளிவந்தது. ஒவ்வொரு தகவலையும் அவர்கள் மூன்று தரமாகப் பிரித்தனர். பறவையை உரிய பருவத்தில் உரிய இடத்தில் கண்டால் ‘இருக்கக்கூடும்’. சோடியாக நிலைகொண்டிருந்தால் ‘பெரும்பாலும் உண்டு’. முட்டையையோ குஞ்சையோ கண்டால் ‘உறுதி’. செய்தி மேசையில் பிரதேச நிருபர்களின் அறிக்கைகளை நாங்கள் தரம்பிரித்த முறையும் ஏறக்குறைய இதுவே. கேள்விப்பட்டதும் கண்ணால் கண்டதும் ஒன்றல்ல.

இதற்கிடையே கூகையின் நிலை மோசமடைந்தது. எலிகள் வாழும் புல்வெளிகள் உழப்பட்டன. பழைய களஞ்சியங்கள் இடிக்கப்பட்டன அல்லது வீடுகளாக மாறின. அல்ட்ரின், டைல்ட்ரின் போன்ற நச்சு மருந்துகள் இரையின் வழியே அதன் உடலில் சேர்ந்தன. 1982–85 காலப்பகுதியில் கொலின் ஷோயர் நடத்திய கணக்கெடுப்பு, பிரித்தானியாவில் ஏறத்தாழ 4,400 சோடிகளே எஞ்சியிருப்பதாகக் கூறியது. 1995–97இல் நடைபெற்ற மற்றொரு கணக்கெடுப்பின் மதிப்பீடு சுமார் 4,000. இவ்வெண்களை அப்படியே அருகருகே வைத்து ஒப்பிட முடியாது. பிளேக்கர் தகவல் அளிக்க முன்வந்தோரை நம்பியிருந்தார். கடைசிக் கணக்கெடுப்பிலோ எழுந்தமானமாகத் தெரிவுசெய்த கட்டங்களுக்குத் தொண்டர்களே சென்று தேடினர். எனினும் வீழ்ச்சி பெரியது என்பதில் ஐயமில்லை. பின்னைய ஆண்டுகளில் கமக்காரரும் தொண்டர்களும் அமைத்த கூட்டுப்பெட்டிகளின் துணையுடன் கூகை பல மாவட்டங்களில் மீண்டும் பெருகியது.

1994இல் தொடங்கிய இனப்பெருக்கப் பறவைகள் கணக்கெடுப்பும் எழுந்தமானத் தெரிவையே அடிப்படையாகக் கொண்டது. தொண்டர் தமக்கு விருப்பமான சோலைக்குச் செல்ல முடியாது. ஒதுக்கப்பட்ட ஒரு சதுர கிலோமீற்றர் கட்டத்தில், பருவத்தில் இரு காலைப்பொழுதுகள் நடந்து, கண்டதையும் கேட்டதையும் குறிக்க வேண்டும். இங்கு ஒரு சிக்கல் எழுந்தது. காலையில் நடப்பவருக்கு இரவில் விழித்திருக்கும் பறவை எளிதில் அகப்படுமா?

ஆகவே பழுப்பு நிறமான டோனி ஆந்தைக்கெனத் தனிக் கணக்கெடுப்புகள் தேவைப்பட்டன. 2015இல் அப்பறவை கவனத்துக்குரியவற்றின் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது. 2018 செப்டெம்பர் இறுதியிலிருந்து 2019 மார்ச் இறுதிவரை, வாரம் ஒருமுறை மாலைக்குப் பின் 20 நிமிடங்கள் தமது தோட்டத்திலோ அருகிலுள்ள பூங்காவிலோ நின்று செவிகொடுக்குமாறு பொதுமக்கள் கேட்கப்பட்டனர். ஒன்றும் கேட்கவில்லை என்றால் அதையும் எழுதி அனுப்ப வேண்டும். என்னை மிகவும் சிந்திக்கவைத்தது இவ்விதியே. ஆந்தையைக் கண்டவர் மாத்திரம் எழுதினால் நாடெங்கும் ஆந்தைகள் நிறைந்திருப்பதாகவே தோன்றும். குளிரில் நின்று வெறுங்கையுடன் திரும்பியவரின் பூச்சியந்தான் இழப்பின் அளவைக் காட்டுகின்றது. பத்திரிகைகளாகிய நாம் இப்பூச்சியங்களை ஒருபோதும் அச்சிட்டதில்லை.

1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கூடுகட்டும் கூகையை வேண்டுமென்றே தொந்தரவு செய்வது குற்றம். இத்தகைய பறவைகளின் கூடு இருக்கும் சரியான இடத்தைப் பகிரங்கப்படுத்தாமல் காப்பதும் இப்பணியின் ஒழுக்கம். தகவல் தந்தவரைக் காட்டிக்கொடாத பத்திரிகை மரபுக்கு அது நெருங்கிய உறவு.

இலண்டன் புறநகர்களில் வாழும் எம்மவர் பலரின் வீடுகளுக்கு அருகே, முதுமரங்கள் நிற்கும் பூங்காக்களில், டோனி ஆந்தை இன்றும் இரவில் குரல் கொடுக்கின்றது. அடுத்தமுறை அது கேட்கும்போது யன்னலைச் சாத்தாமல், நாளையும் நேரத்தையும் இடத்தையும் குறித்து அனுப்புங்கள். எம் பாட்டிமார் சாவின் செய்தியாகக் கேட்ட குரல், அப்பறவை இன்னும் உயிரோடிருக்கின்றது என்பதற்கான சாட்சியமாகப் பதிவாகும்.